249 நாட்கள் நன்னடத்தை, 116 நாட்கள் சிறை

(இளம் வழக்கறிஞர்களும் கல்லூரி மாணவர்களும் பங்கேற்ற பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



காவல்துறையும் சாதியும் என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய தலைப்பு. காவல் மரணம், பொய் வழக்கு, வன்கொடுமை வழக்கைப் பதிய மறுப்பது என்று இங்கே பலரும் பலதைப் பேசுவார்கள். நான் ஒரே ஒரு காகிதத்தைப் பற்றிப் பேசுகிறேன். அதன் பெயர் நன்னடத்தைப் பிணைப் பத்திரம்.

இந்தச் செய்தியை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். நாளிதழில் நான்கு வரிதான் வரும். சரித்திரப் பதிவேடு குற்றவாளியான இன்னார், பெயருக்குப் பக்கத்தில் ‘என்கிற’ போட்டு ஒரு பட்டப்பெயர், துணை ஆணையர் முன்பு ஆஜராகித் திருந்தி வாழப்போவதாக எழுதிக் கொடுத்திருந்தார். ஓராண்டு முடிவதற்குள் மீண்டும் குற்றச் செயலில் ஈடுபட்டார். எனவே நன்னடத்தையுடன் இருந்த நாட்களைக் கழித்து, மீதி நாட்களுக்குச் சிறை. படித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுவோம். 2022 செப்டம்பரில் அப்படி ஒரு செய்தியில் வந்தது என் இணையரின் பெயர். 249 நாட்களைக் கழித்து 116 நாட்கள்.

அவருடைய சம்மதத்தோடுதான் இதைப் பேசுகிறேன். அவர் பெயரையும் அந்தக் காவல் நிலையத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. இன்றைக்கும் அந்த நிலையத்தைத் தாண்டித்தான் அவர் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறார். நான் சட்டம் படித்தவள் அல்ல. வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வாளர். சட்டத்தில் எனக்குத் தெரிந்தவை எல்லாம் அந்த நாட்களில் தெரிந்துகொள்ள வேண்டிவந்தவை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107 முதல் 110 வரை சில பிரிவுகள் இருந்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் அவை 126 முதல் 129 வரை. எண் மாறியிருக்கிறது, சரக்கு அதேதான். 107 என்பது அமைதியைக் குலைக்கக்கூடியவர் என்று கருதப்படுபவரிடம் எழுதி வாங்குவது. 110 என்பது பழக்கமாகவே குற்றம் செய்பவர் என்று கருதப்படுபவரிடம் எழுதி வாங்குவது. முன்னதற்கு ஓராண்டு வரை, பின்னதற்கு மூன்றாண்டு வரை பத்திரம் கேட்கலாம். இதை விசாரிப்பவர் நீதிபதி அல்ல. நிர்வாகத்துறை நடுவர். அதாவது கோட்டாட்சியர் மாதிரியான ஓர் அதிகாரி. சென்னை போன்ற மாநகரங்களில் 2013, 2014 ஆண்டுகளின் அரசாணைகள் மூலம் அந்த அதிகாரத்தைக் காவல் துணை ஆணையர்களிடமே கொடுத்திருந்தார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஒருவர் திருடினார் என்று வழக்குப் போட்டால், எங்கே, எப்போது, எதைத் திருடினார் என்று அரசு நிரூபிக்க வேண்டும். 110இல் அந்தத் தொல்லை இல்லை. அவர் பழக்கமாகத் திருடுபவர் என்று காட்டினால் போதும். அதை எப்படிக் காட்டுவது? பழைய சட்டத்தின் 116ஆம் பிரிவு, நான்காம் உட்பிரிவு வழி சொல்கிறது. அவரைப் பற்றி ஊரில் பொதுவாக நிலவும் பெயரையே சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். புதிய சட்டத்திலும் 135ஆம் பிரிவில் இது அப்படியே இருக்கிறது.

ஊரில் பொதுவாக நிலவும் பெயர். இந்தச் சொற்களைச் சாதி தெரிந்த யாரும் கடந்துபோக முடியாது. எந்த ஊர்? யாருடைய வாயில் நிலவும் பெயர்? ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கிற நாட்டில், சேரிப் பையனைப் பற்றி ஊரில் நிலவும் பெயர் என்னவாக இருக்கும்? நகரத்திலும் இதுதான் கதை. எங்கள் பகுதியின் பெயரைச் சொன்னாலே ஆட்டோக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். வேலைக்கு விண்ணப்பம் போட்டால் முகவரியைப் பார்த்ததுமே கேள்வி வரும். குடிசைகளை அகற்றி நகரத்தின் விளிம்பில் கொண்டுபோய்க் கொட்டிய பிறகு, கண்ணகி நகர் என்றும் பெரும்பாக்கம் என்றும் அந்த இடங்களின் பெயரையே வசைச் சொல்லாக்கிய சமூகம் இது. தனி ஆள் மீது ஒரு பெயர் விழுவதற்கு முன்பே அவர் வாழும் தெருவின் மீது பெயர் விழுந்துவிடுகிறது. சட்டம் அந்தப் பெயரை எடுத்து ‘சாட்சியம்’ என்று கோப்பில் வைக்கிறது.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நானும் அவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அவர் பத்தாவதோடு நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவர். அம்பேத்கர் படத்தின் முன்னால் உறுதிமொழி வாசித்துத் திருமணம் செய்துகொண்டோம். தவணையில் வாங்கிய குட்டியானை வண்டியில் லோடு அடிக்கிறார். பத்தொன்பது வயதில் தெருச் சண்டையில் ஒரு வழக்கு. பிறகு இன்னொரு வழக்கு, அதில் விடுதலை. இந்த இரண்டும் அவரைச் ‘சி’ வகை ரவுடிப் பட்டியலில் சேர்க்கப் போதுமானதாக இருந்தன. பட்டியலில் பெயர் ஏறுவதற்கு அவர் கையெழுத்து தேவைப்படவில்லை. யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை.

2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதற்கு முந்தைய மாதம் பட்டியலில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். “எலக்‌ஷன் வருதுப்பா, எல்லாரும் போடுறாங்க, ஒரு கையெழுத்துதான்” என்றார்கள். சட்டப்படி என்ன நடந்திருக்க வேண்டும்? அவர் மீது என்ன தகவல் வந்தது, எவ்வளவு தொகைக்கு, எத்தனை காலத்துக்குப் பத்திரம் கேட்கிறோம் என்று எழுத்தில் உத்தரவு போட வேண்டும். அதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். பிறகு விசாரணை நடத்திச் சாட்சியத்தைப் பதிய வேண்டும். அவர் மறுத்துப் பேசலாம், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம். நடந்தது வேறு. ஜனவரி 20 அன்று துணை ஆணையர் அலுவலகத்தில் வரிசையில் நிறுத்தி, அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். பத்திரத்தின் நகல் அவரிடம் இல்லை.

செப்டம்பர் 22 இரவு அவரைக் கைது செய்தார்கள். டீக்கடையில் கத்தியைக் காட்டி மிரட்டிப் பணம் பறித்தார் என்று வழக்கு. அந்த வழக்கில் சாட்சி விசாரணை இன்றுவரை தொடங்கவில்லை. அவர் அதைச் செய்தாரா இல்லையா என்று நான் இங்கே வாதாடப்போவதில்லை. அதை நீதிமன்றத்தில் சாட்சியை வைத்துப் பேசுவோம். அந்த வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன்பே, அதைக் காரணமாகக் காட்டித் தண்டனை கொடுத்து முடித்துவிட்டார்களே, அதைத்தான் பேசுகிறேன்.

அந்த வழக்கில் அக்டோபர் முதல் வாரத்தில் பெயில் கிடைத்தது. ஜாமீன்தாரர் இரண்டு பேர் வேண்டும். குடும்ப அட்டையும் சொத்து வரி ரசீதும் கேட்பார்கள். எங்கள் பகுதியில் சொத்து வரி ரசீது வைத்திருப்பவர் எத்தனை பேர்? வாரிய வீட்டுக்கு ஒதுக்கீட்டு ஆணைதான் இருக்கும். என் அத்தை, அவருடைய அம்மா, ஐந்து நாட்கள் அலைந்து இரண்டு பேரைக் கொண்டுவந்தார். எல்லாம் முடித்து, உத்தரவு சிறைக்குப் போன அன்று மாலை நானும் அத்தையும் வாசலில் காத்திருந்தோம். ஆறு மணிக்கு ஒரு காவலர் வந்து, “அவருக்கு இன்னொன்னு இருக்கும்மா. 116 நாள். இது பெயில்ல வராது” என்றார்.

எங்களுக்கு அப்போதுதான் தெரியும். செப்டம்பர் 26 அன்று அவரைச் சிறையிலிருந்து துணை ஆணையர் அலுவலகத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். புது வழக்கின் எஃப்.ஐ.ஆரைக் காட்டி, பத்திரத்தை மீறிவிட்டாய் என்று சொல்லி, அன்றைக்கே உத்தரவு. ஜனவரி 20 முதல் செப்டம்பர் 25 வரை 249 நாட்கள். 365இல் அதைக் கழித்தால் 116. சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, வழக்கறிஞர் இல்லை. ஒரு கழித்தல் கணக்குதான் இருந்தது. நாளிதழ்ச் செய்தியைப் பக்கத்து வீட்டு அண்ணன் தேடிக் கொண்டுவந்து கொடுத்தது அதற்கும் பிறகு.

இந்தக் கணக்குக்குச் சட்டத்தில் ஆதாரமாகக் காட்டப்பட்டது 122ஆம் பிரிவு, ஒன்றாம் உட்பிரிவின் ஆ பத்தி. புதிய சட்டத்தில் அது 141. அதை வாசித்துப் பாருங்கள். அமைதி காப்பதாக எழுதிக் கொடுத்த பத்திரத்தை மீறியது நிரூபிக்கப்பட்டால், நிரூபணத்துக்கான காரணங்களைப் பதிவு செய்து சிறையில் வைக்கலாம் என்று இருக்கிறது. அமைதிக்கான பத்திரம் என்றால் 107. நன்னடத்தைக்கான பத்திரம் 110. அந்தப் பத்தியில் நன்னடத்தை என்ற சொல்லே கிடையாது. ‘நிரூபிக்கப்பட்டால்’ என்ற சொல் இருக்கிறது. எங்கள் விஷயத்தில் இல்லாத சொல்லைச் சேர்த்துக்கொண்டார்கள், இருக்கிற சொல்லை விட்டுவிட்டார்கள்.

கைதான ஒருவரின் மனைவி என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. கொஞ்சம் சொல்கிறேன்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினால்தான் மனு பார்க்கும் வரிசையில் முன்னால் நிற்க முடியும். ஆதார் நகல் எடுத்துப் போக வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாம். போனில் பேச வேண்டும். இருக்கிற சில நிமிடங்களில் வழக்கறிஞர் சொன்னதைச் சொல்ல வேண்டும், அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும், அழாமலும் இருக்க வேண்டும். அதை முடித்துவிட்டு நகல் மனுவின் நிலை என்ன என்று கேட்கப் போக வேண்டும். வண்டித் தவணைக்குக் கடன் கேட்க வேண்டும். அந்த மாதம் எனக்குப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் குழுக் கூட்டம். அதற்கு அறிக்கையும் எழுத வேண்டும். மகளுக்கு அப்போது நான்கு வயது. அப்பா லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருக்கிறார் என்று அத்தை சொல்லிவைத்திருந்தார். நான் ஜெயில் என்றே சொன்னேன். தெருவில் அவளுக்கு அந்தச் சொல் எப்படியும் வந்து சேரும். என் வாயிலிருந்து வருவது நல்லது என்று நினைத்தேன்.

அந்த வரிசையில் நான் சந்தித்த பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் நம் ஆட்கள். கைநாட்டு வைப்பவர்களும் உண்டு. ஆனால் 110, 122, குண்டாஸ் என்று பிரிவுகளை எண்ணோடு பேசுவார்கள். “உன் வூட்டுக்காரருக்கு எத்தினி நாள் கழிச்சாங்க?” என்றுதான் ஒரு அக்கா என்னிடம் பேச்சைத் தொடங்கினார். ரிவிஷன் போடலாம், உயர் நீதிமன்றம் போனால் இது நிற்காது என்று எனக்கு முதலில் சொன்னது அவர்தான். மீன் விற்கிறவர். இரண்டு மகன்களுக்காக இரண்டு முறை போட்டிருக்கிறார். சட்ட அறிவு பல்கலைக்கழகத்திலிருந்து சேரிக்குப் போகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு அது மனு வரிசையில் கிடைத்தது.

நிலையத்தில் என்னையும் விசாரித்தார்கள். ரைட்டர் ஒரு நோட்டை எடுத்து என் பெயர், கல்லூரி, கைப்பேசி எண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். “ஏம்மா, பி.எச்டி படிக்கிறேங்கிற, உனக்கு வேற ஆள் கிடைக்கலையா?” என்று கேட்டார். இதே கேள்வியை வேறு வேறு சொற்களில் துறையிலும் கேட்டார்கள், உறவினர் வீட்டிலும் கேட்டார்கள். நன்னடத்தைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். நடத்தையைக் கணக்குப் பார்க்கிற கண் குடும்பம் முழுவதன் மீதும் விழுகிறது. நான் நன்றாகப் படித்தவள், ‘முன்னேறியவள்’. அப்படிப்பட்டவள் இந்தத் தெருவை விட்டுப் போயிருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள். சாதி ஒரு சிலரை மேலே ஏற அனுமதிக்கும்போது கேட்கிற விலை இதுதான். உன் ஆட்களை விட்டுவிட்டு வா என்கிறது.

உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போட்டோம். விசாரணை நடத்தவில்லை, ஆவணங்களின் நகல் கொடுக்கவில்லை, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வாய்ப்புத் தரவில்லை என்ற காரணங்களால் உத்தரவு ரத்தானது. அவர் வெளியே வந்தபோது 58 நாட்கள் முடிந்திருந்தன. 116இல் சரிபாதி. அந்த 58 நாட்கள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று தீர்ப்பு இருக்கிறது. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, இழப்பீடும் இல்லை. மனு போட முடியாதவர்கள் முழுக் கணக்கையும் உள்ளேயே முடித்துவிட்டு வருகிறார்கள்.

என் துறை வரலாறு என்பதால், இந்தக் காகிதம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1871இல் ஆங்கிலேயர் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 1911இல் அதைத் திருத்தி எழுதிய பிறகு சென்னை மாகாணத்திலும் அமலானது. ஒரு சமூகத்தில் பிறந்தாலே குற்றவாளி. ரேகை வைக்க வேண்டும், இரவில் நிலையத்தில் ஆஜராக வேண்டும், ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் இந்தச் சட்டத்தை எதிர்த்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் ரத்தானது. அடுத்த ஆண்டே, 1948இல், வழக்கமான குற்றவாளிகளுக்கான கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. பரம்பரை என்ற சொல்லை எடுத்துவிட்டு வழக்கம் என்ற சொல்லை வைத்தார்கள். அதே 1948இல் வெளியான ‘தீண்டப்படாதார்’ நூலின் முன்னுரையில் அம்பேத்கர் மூன்று பிரிவினரைச் சேர்த்து எண்ணிக் காட்டுகிறார். குற்றப் பரம்பரையினர், பழங்குடிகள், தீண்டப்படாதார். இந்த மூவரையும் உண்டாக்கியது ஒரே நாகரிகம் என்பது அவர் வைக்கும் குற்றச்சாட்டு.

அன்று அந்தச் சட்டத்தில் சிக்கிய சமூகங்களில் சில இன்று சாதிப் படிநிலையில் வேறு இடத்தில் நிற்கின்றன. நம்மை ஒடுக்கும் இடத்திலும் நிற்கின்றன. அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் குறவர்களும் இருளர்களும் இன்றும் கணக்கு முடிக்கப்படாத திருட்டு வழக்குகளுக்கு ஆள் பிடிக்கும் இடமாக இருக்கிறார்கள். ‘ஜெய்பீம்’ படத்தின் தொடக்கத்தில், விடுதலையாகி வருபவர்களைச் சிறை வாசலிலேயே சாதி கேட்டுப் பிரித்து நிறுத்துவார்கள். பார்த்தவர்கள் பலரும் சினிமா என்று நினைத்தார்கள். மனு வரிசையில் நின்ற பெண்களுக்கு அது சினிமா இல்லை.

நீதிமன்றங்கள் இதைப் பார்க்காமல் இல்லை. ஏழைகளைப் பிடித்து அடைக்கும் கருவியாக 110ஐ ஆக்கிவிடக் கூடாது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் 1980இலேயே கோபாலனாச்சாரி வழக்கில் எச்சரித்தார். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, துணை ஆணையர்களுக்கு அதிகாரம் கொடுத்த 2013, 2014 அரசாணைகளை ரத்து செய்தது. பிடிப்பவரும் விசாரிப்பவரும் தண்டிப்பவரும் ஒரே துறையாக இருப்பது அதிகாரப் பிரிவினைக்கு எதிரானது என்றது. பத்திரத்தை மீறியதாகச் சொன்னால் நீதித்துறை நடுவரிடம்தான் கொண்டுபோக வேண்டும், நிர்வாகத்துறை நடுவரே சிறைக்கு அனுப்ப முடியாது என்றும் சொன்னது. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், சரித்திரப் பதிவேட்டில் குழந்தைகளின் விவரங்களை எழுதக் கூடாது, சாதியையும் வறுமையையும் வைத்து அப்பாவிகளைப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது என்று சொல்லி, எல்லா மாநிலங்களும் தங்கள் நடைமுறையைத் திருத்தும்படி கேட்டது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, சிறைகளில் சாதிப் பாகுபாடு பற்றிய சுகன்யா சாந்தா வழக்கில், சிறைப் பதிவேடுகளில் சாதிக்கான கட்டத்தையே நீக்கச் சொன்னது.

இவ்வளவும் நமக்குச் சாதகமான தீர்ப்புகள்தானே, பிறகு ஏன் கவலை என்று கேட்கலாம். பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 15ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். காவல் கண்காணிப்பாளர் அல்லது அதற்கு இணையான பதவிக்குக் குறையாத எந்தக் காவல் அதிகாரியையும் சிறப்பு நிர்வாகத்துறை நடுவராக மாநில அரசு நியமிக்கலாம் என்று இருக்கிறது. பழைய சட்டத்தின் அந்த இடத்தில் காவல் அதிகாரி என்ற சொல் கிடையாது. உயர் நீதிமன்றம் வாசல் வழியாக வெளியே அனுப்பியதை நாடாளுமன்றம் சட்டத்தின் உள்ளேயே கொண்டுவந்து வைத்துவிட்டது. மூன்று குற்றவியல் சட்டங்கள் பற்றிப் பெரிய விவாதங்கள் நடந்தன. சேரிக்கு நேராகக் கை நீட்டும் இந்தப் பிரிவைப் பற்றி நான் கேட்ட கூட்டங்களில் யாரும் பேசவில்லை.

ஏன் பேசவில்லை? இங்கேதான் நம் இயக்கங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

எழுத்தாளரையும் செயல்பாட்டாளரையும் கைது செய்தால் நாம் தெருவுக்கு வருகிறோம். வர வேண்டும். பொய் வழக்கில் அப்பாவி சிக்கினால் உண்மை அறியும் குழு போகிறது. போக வேண்டும். ஆனால் ‘சி’ வகை ரவுடி என்று செய்தி வந்த பையனுக்காக யாரும் வருவதில்லை. அவன் நிஜமாகவே ஏதாவது செய்திருப்பானோ என்ற தயக்கம். என் இணையர் உள்ளே இருந்தபோது ஒரு தோழர், மிகுந்த அக்கறையோடுதான், “அவர் மேல் வழக்கு எதுவும் இல்லை என்றால் அறிக்கை விடலாம் தோழர்” என்றார். யோசித்துப் பாருங்கள். ஊரில் நிலவும் பெயரை வைத்து முடிவு செய்யும் அதே அளவுகோல்தான் இதுவும். காவல்துறை எழுதிய பட்டியலைப் பார்த்து, யாருக்காகப் பேசலாம், யாருக்காகப் பேசக் கூடாது என்று நாமும் முடிவு செய்கிறோம். குற்றம் செய்தவருக்கும் விசாரணை உண்டு, சாட்சி உண்டு, மேல்முறையீடு உண்டு. அந்த உரிமை நல்லவர்களுக்கு மட்டும் என்றால் அது உரிமையே இல்லை, நன்னடத்தைச் சான்றிதழ்.

இனி செய்ய வேண்டியது. இங்கே சட்ட மாணவர்கள் இருப்பதால் நேராகவே சொல்கிறேன்.

ஒன்று, காகிதம். பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால், எந்தத் தகவலின் பேரில் என்று எழுத்துபூர்வ உத்தரவைக் கேட்க வேண்டும். பி.என்.எஸ்.எஸ். 130இன்படி அது கட்டாயம். வழக்கறிஞரோடு வருகிறேன், விசாரணை வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். கையெழுத்துப் போட்டிருந்தால் நகல் வாங்கி, பத்திரம் முடியும் தேதியை வீட்டுச் சுவர் நாள்காட்டியில் எழுதி வையுங்கள். அந்தத் தேதி வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு, அந்தக் காலத்துக்குள் புது வழக்கு வந்தால், பெயிலோடு நிற்காதீர்கள். பத்திர மீறல் நோட்டீஸ் வந்திருக்கிறதா என்று அன்றைக்கே வழக்கறிஞர் மூலம் கேளுங்கள். சிறைக்குள் கொடுத்த நோட்டீஸ் வீட்டுக்கு வராது. அவகாசம் வேண்டும், ஆவணங்கள் வேண்டும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்று முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிட்டால், பிறகு உயர் நீதிமன்றத்தில் அந்த ஒரு தாள் பேசும்.

மூன்று, உத்தரவு வந்துவிட்டால் நகல் மனு போட்டு உடனே சீராய்வுக்குப் போங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு நாள் சிறை. பணம் இல்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இலவச சட்ட உதவி 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை. வருமானச் சான்று கேட்டு அலைய வைக்க முடியாது. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

நான்கு, இது இயக்கங்களுக்கு. நம்மில் சொந்த வீடு உள்ளவர்கள் இருக்கிறார்கள். அரசு வேலையில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஜாமீன் கையெழுத்துப் போடத் தயாராக இருப்பவர்களின் பட்டியல் ஒன்றைப் பகுதிவாரியாக வைத்துக்கொள்வோம். நிதி திரட்டுவதைவிடக் கடினமான வேலை இது. ஏனென்றால் தன் பெயரைக் கொடுக்க வேண்டும், தெரியாத ஒருவருக்காகக் காவல் நிலைய வாசலுக்கும் போக வேண்டும். என் அத்தை ஐந்து நாட்கள் அலைந்ததை இன்னொரு அம்மா அலையாமல் இருக்க இது போதும்.

ஐந்து, ஆய்வு மாணவர்களுக்கு. ஒவ்வொரு காவல் நிலைய எல்லையிலும் ஓராண்டில் எத்தனை பேரிடம் பத்திரம் வாங்கினார்கள், அவர்கள் எந்தச் சமூகம், எத்தனை பேர் மீறியதாகச் சொல்லி உள்ளே போனார்கள், அந்த உத்தரவுகளில் எத்தனை பின்னர் ரத்தாயின? தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். மாவட்டத்துக்கு ஒருவர் எடுத்தால் போதும், ஓராண்டில் நம் கையில் ஒரு கணக்கு வந்துவிடும். சட்டமன்றத்தில் 15ஆம் பிரிவைப் பற்றிக் கேள்வி எழுப்ப நம் பிரதிநிதிகளுக்கு அந்தக் கணக்கைக் கொடுக்கலாம்.

அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்ததும் நிலையங்களில் பட்டியலை எடுத்துத் தூசி தட்டுவார்கள். அதற்கு முன்பே நம்மிடமும் மூன்று பட்டியல்கள் தயாராக இருக்க வேண்டும். வழக்கறிஞர்கள், ஜாமீன்தாரர்கள், பத்திரம் எழுதிக் கொடுத்தவர்களின் தேதிகள். கூட்டம் முடிந்ததும் பின்னால் ஒரு நோட்டு வைத்திருப்போம். விருப்பமுள்ளவர்கள் உங்கள் பகுதியையும் தொலைபேசி எண்ணையும் எழுதிவிட்டுப் போங்கள்.